இரவு வேலைக்காரரின் சாப்பாட்டுத் தட்டு

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியிலே, செபராங் பிறையின் தென் வட்டாரத்தில் உள்ள பத்து காவானில், தொழிற்சாலை ஒன்றின் கேன்டீனில் இந்தியச் சாப்பாட்டுப் பகுதியை எடுத்து நடத்துவது என் தொழில். காலை 7 மணிக்கு வேலைக்கு ஏறி இரவு 7 மணிக்கு இறங்குகிற ஒரு கூட்டமும், இரவு 7 மணிக்கு ஏறி மறுநாள் விடிந்தபின் இறங்குகிற இன்னொரு கூட்டமும் மாறி மாறி வந்துபோகிற அந்த இடத்தில், தமிழர், மலாய்க்காரர், சீனர், நேப்பாளிகள், வங்காளதேசத்தார், இந்தோனேசியப் பெண்கள் ஆகிய பலருக்கும் நெடுங்காலமாக ஆகாரம் பரிமாறி வந்ததில், ஒருவர் எந்தப் பதார்த்தத்தை எந்த நேரத்தில் எவ்வளவு வேகமாக உண்கிறார் என்பதைக் கொண்டே அவருடைய மனத்தின் பாரத்தை ஒருவாறு ஊகித்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு உண்டாகிவிட்டது. கணக்கு முடிக்கும் மாதக் கடைசியில், உற்பத்தி இலக்கு எட்டாத வாரங்களில், ஆள் குறைப்பு நடக்கப்போவதாக வதந்தி பரவுகிற நாட்களில், கீரையும் பருப்பும் மீந்துபோகும். பொரித்த கோழியும், வறுத்த மீயும், தித்திப்பான பானங்களும் சீக்கிரமே தீர்ந்துபோகும். மனம் வியாகூலப்படும்போது நாவு தித்திப்பையும் எண்ணெயையும் நாடுவது மனித சுபாவம். அந்தச் சுபாவத்திற்கு எதிராக ஒருவரைக் கண்டித்துப் பிரயோஜனமில்லை என்பதையும், ஆனால் அவர் முன்னே எதை முதலில் வைக்கிறோம், எதை எட்டாமல் வைக்கிறோம் என்பது சமைக்கிறவரின் கையில் இருக்கிறது என்பதையும் இந்தத் தொழில்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

இந்த ஊரின் பூர்வ வரலாற்றைச் சிறிது சொல்லாமல் இதற்கு மேலே போவது இயலாது. ஆறுகளாலும் கடலாலும் சூழப்பட்டுத் தீவாகவே இருந்த பத்து காவானில், 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பியத் துரைமார்கள் கரும்புத் தோட்டங்களை உண்டாக்கியபோது, அவற்றில் வேலை செய்வதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததிகளே இங்குள்ள பழைய குடும்பங்கள். அந்த ஒப்பந்த முறை 1910-இல் ஒழிந்தது. கரும்பு போய் ரப்பர்ப் பால்மரமும், பால்மரம் போய்ச் செம்பனையும் வந்தன. பிறகு மாநில அரசு நகரமைப்புக்காகத் தோட்டத்தை எடுத்துக்கொண்டது. 2014-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பினாங்குப் பாலம் திறக்கப்பட்டு, தீவின் பத்து மாவுங்கோடு நம் ஊரை இணைத்த பின்னர், என் பாட்டனார் மண்வெட்டி பிடித்த நிலத்தில் நுண்மின்னணுத் தொழிற்சாலைகளும் மருத்துவக் கருவி செய்யும் ஆலைகளும் வரிசையாக எழுந்தன. தோட்டத்து லயங்களில் பிறந்தவர்களின் பிள்ளைகள் இன்று அவற்றுள்ளே குளிரூட்டப்பட்ட அறைகளில் நின்று வேலை செய்கிறார்கள்.

என் தாயார் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர். பெரட்டு என்கிற விடியற்காலை ஆள்கணக்கெடுப்புக்குப் போகிற தாய்மார்கள் இருட்டோடு இருட்டாகக் குழந்தைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனால், வெயில் ஏறி அவர்கள் வெளிக்காட்டிலிருந்து திரும்பும்வரை அத்தனை குழந்தைகளின் வயிறும் அவருடைய பொறுப்பு. புழுங்கலரிசிக் கஞ்சி, பருப்புத் தண்ணீர், வேலியோரத்து முருங்கைக்கீரை, நெத்திலிக் கருவாடு, மோர் என்பவற்றுக்கு மேல் அவரிடம் எதுவும் இருந்ததில்லை. ஆயினும் அழுது முரண்டு பிடிக்கிற குழந்தையைக் கண்டால், அதை அடிக்காமலும் கொஞ்சாமலும் முதலில் ஒரு கிண்ணம் கஞ்சியைக் கொடுத்துப் பார்ப்பார். பெரும்பாலும் அழுகை அடங்கிவிடும். பெரியவர்களுக்கோ அக்காலத்தில் உடம்பு வலிக்கும் மன வலிக்கும் ஒரே மருந்தாகத் தோட்டத்துக் கள்ளுக்கடை இருந்தது. அது எத்தனை குடும்பங்களை நாசமாக்கியது என்பதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. களைத்துப்போன மனிதனுக்கு உடனடியாக ஓர் இதம் வேண்டும் என்பது அன்றும் உண்மை, இன்றும் உண்மை. அந்த இதத்தை எந்தப் பொருளில் தேடுகிறான் என்பதே அவனுடைய ஆரோக்கியத்தை நிர்ணயிக்கிறது.

அரிசியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் நம் தட்டில் பாதிக்கு மேல் இடம் பிடிப்பது அதுதான். ஒரு நூற்றாண்டுக்கு முன் இந்த மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானவர்களை வதைத்தது: கால்கள் மரத்து வீங்கும், இதயம் தளரும், அதற்கு முன்பே உறக்கமின்மையும் எரிச்சலும் சோர்வும் மனிதனைப் பிடித்துக்கொள்ளும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளரை அந்நோய் கூட்டம் கூட்டமாக வீழ்த்தியபோது, அவர்களைவிட எவ்வகையிலும் வசதியாக வாழ்ந்திராத தோட்டத்துத் தமிழர்களை அது அரிதாகவே அண்டியது. இந்த வித்தியாசத்தை வைத்தியர்கள் கவனித்தார்கள். சீனர்கள் உண்டது சியாமிலிருந்து வந்த, நன்றாகத் தீட்டிய பச்சரிசி. தமிழர்கள் உண்டது நெல்லை ஊறவைத்து அவித்து உலர்த்திக் குத்திய புழுங்கலரிசி. டாக்டர் வில்லியம் பிளெட்சர் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் நோயாளிகளை இரு பகுதியாகப் பிரித்து ஒரு பகுதிக்குப் பச்சரிசியும் மற்றொரு பகுதிக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்து, பச்சரிசி உண்டவர்களிடையே பெரிபெரி பரவிச் சாவுகளும் நேர்ந்ததையும், புழுங்கலரிசி உண்டவர்கள் அந்நோயிலிருந்து காக்கப்பட்டதையும் 1907-இல் எழுதி வெளியிட்டார். பின்னர் ஹென்றி பிரேசர், ஆம்புரோஸ் தாமஸ் ஸ்டான்டன் என்னும் இரு வைத்தியர்கள் நெகிரி செம்பிலானின் டுரியான் தீப்புஸ் என்னுமிடத்தில் சாலை போடும் ஜாவானியத் தொழிலாளர்களிடையே இதே பரீட்சையை நடத்தி, பச்சரிசி உண்ட கூட்டத்தில் நோய் தோன்றுவதையும், பச்சரிசியை நிறுத்தி அரிசியை மாற்றிக் கொடுத்ததும் நோய் அகலுவதையும் நிரூபித்தார்கள். தவிட்டில் இருக்கிற தயமின் என்னும் முதலாவது 'பி' உயிர்ச்சத்து, நெல்லைப் புழுக்கும்போது உள்ளே இறங்கி அரிசியோடு ஒன்றிவிடுகிறது. தீட்டினாலும் முழுதும் போய்விடுவதில்லை. நரம்புகள் இயங்குவதற்கும், உண்ட மாவுச்சத்து சக்தியாக மாறுவதற்கும் அந்தச் சத்து இன்றியமையாதது. உலக வைத்திய சரித்திரத்தில் இடம் பெற்ற இந்த உண்மைக்கு, நம் பாட்டிமார்கள் அடுப்பில் அவித்த நெல்லும் ஒரு சாட்சியாக இருந்தது என்பதை நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கேன்டீனை எடுத்தபோது நான் செய்த முதல் காரியம் பொன்னிப் புழுங்கலரிசியை ஒரு பானை தனியாக வைத்ததுதான். அது வேக அதிக நேரமும் அதிகத் தண்ணீரும் பிடிக்கும். எரிவாயு அடுப்பில் அரை மணிக்கு மேல் முன்னதாகவே ஏற்ற வேண்டும். வெள்ளை வெளேரென்று இராததால் புதியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் வெள்ளரிசிச் சோற்றைப்போல் அது ரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிப் பிறகு சட்டென்று இறக்கிவிடுவதில்லையாதலால், சாப்பிட்ட இரண்டு மணி நேரத்திற்குள் மறுபடியும் பசியும் படபடப்பும் தூக்கமும் வந்து சேர்கிற தொந்தரவு குறைகிறது. ஒரு சூட்சுமம் மட்டும் சொல்ல வேண்டும்: சோற்றை நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் கஞ்சியை வடித்துக் கொட்டினால், தண்ணீரில் கரையும் தன்மையுள்ள அந்த உயிர்ச்சத்தில் ஒரு பகுதியும் சாக்கடைக்குப் போய்விடும். தோட்டத்தில் வடிகஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்தார்கள். அல்லது மீந்த சோற்றில் ஊற்றிப் பழையதாக்கி, மறுநாள் காலையில் மங்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு போனார்கள். நானும் வடிகஞ்சியைக் கொட்டுவதில்லை. ரசத்திற்கு அதுவே அடித்தண்ணீர்.

அடுத்தது தாகம். இதைப் பசியைவிட முக்கியமாகக் கருதுகிறேன். தூசி நுழையாத அறையில் வேலை செய்கிறவர்கள் தலைமுதல் கால்வரை மூடிய உடை அணிந்துகொண்டு உள்ளே போனால், இடைவேளை வரும்வரை ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. உள்ளே உணவுக்கும் பானத்திற்கும் அனுமதி கிடையாது. கழிவறைக்குப் போய்வர அந்த உடை முழுவதையும் கழற்றி மாட்ட வேண்டியிருப்பதால், வேலைக்கு முன்பே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிற பெண்கள் அநேகர். அவர்கள் வெளியே வந்தவுடன் நா வறண்டு, தலை கனத்து, எதற்கெடுத்தாலும் எரிந்து விழும் நிலையில் இருப்பதைப் பார்க்கிறேன். அந்தக் கணத்தில் கைக்கு எட்டுவது குளிர்பெட்டியில் உள்ள தித்திப்பு பானமாகவோ, டின் பாலைத் தாராளமாக ஊற்றி ஆற்றிய தே தாரேக்காகவோ இருந்தால், தாகத்திற்குச் சீனிதான் விடையாகிவிடுகிறது. அந்த டின் பாலில் ஏறத்தாழ பாதி சீனி என்பதைப் பலர் அறியார்.

நம் மலேசிய நாட்டில் இதன் விளைவு கண்கூடு. 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு, வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகவும், இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு என்றும் கண்டது. 2023-ஆம் ஆண்டு ஆய்வில் மொத்த விகிதம் 15.6 ஆகக் குறைந்தது சற்று ஆறுதலான செய்தி. ஆனாலும் நம் சமூகத்தில் மூன்றில் ஒருவரை நெருங்கிய அந்தக் கணக்கை என்னால் மறக்க முடியவில்லை, ஏனெனில் அந்த மூன்றில் ஒருவருக்கு நான் நித்தமும் சோறு போடுகிறேன். நூறு மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு அரசாங்கம் 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 சென் என்று வரி விதிக்கத் தொடங்கியது நல்ல காரியமே. ஆயினும் அந்த வரி போத்தலுக்கும் டின்னுக்கும்தான். ஆற்றிக் கொடுக்கிற தேநீருக்குக் கிடையாது. அதற்கு வரி போட வேண்டியவர் கலக்குகிறவரே என்று நான் தீர்மானித்துக்கொண்டு, வரிசையின் வாயிலிலேயே, தட்டுகளுக்கும் முன்பாக, சீரகத் தண்ணீர் ஒரு பானையும் நீர்மோர் ஒரு பானையும் விலையில்லாமல் வைத்தேன். அதற்கு அப்பால் சீனியில்லாத தே ஓ கொசோங். தித்திப்பானவை எல்லாவற்றுக்கும் கடைசியில். தடுத்ததுமில்லை, போதித்ததுமில்லை. இரண்டு குவளை நீர் வயிற்றுக்குள் போனபின் தித்திப்பு வரைக்கும் போகிறவர்கள் கணிசமாகக் குறைந்தார்கள். போகிறவர்களும் "அக்கா, சீனி கொஞ்சம்" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

காப்பியைப் பற்றி ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். இரவு ஷிப்ட்டில் வேலை பார்த்த ஓர் இளைஞன், அதிகாலை மூன்று மணிக்கு ஒரு கெட்டிக் கோப்பி, ஐந்து மணிக்கு டின்னில் அடைத்த ஊக்க பானம் என்று தினமும் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தவன், ஒருநாள் கல்லாவின் அருகே நின்று, "அக்கா, நெஞ்சு படபடன்னு அடிக்குது. வீட்டுக்குப் போயி படுத்தா கண்ணு மூட மாட்டேங்குது. எதுக்குன்னே தெரியாம பயமா இருக்கு" என்றான். முதலில் கிளினிக்குக்குப் போய் இதயத்தைக் காட்டிவிட்டு வா என்று அனுப்பினேன்; மார்பில் படபடப்பு என்றால் சமையற்காரி வைத்தியம் சொல்லக்கூடாது. டாக்டர் சோதித்து, இதயத்தில் கோளாறு இல்லை, காப்பியைக் குறை என்று சொல்லி அனுப்பினார். காப்பியில் உள்ள கேஃபீன் என்னும் சத்து சராசரியாக ஐந்து மணி நேரம் சென்ற பின்னும் பாதி அளவு உடம்பில் தங்கியிருக்கும் என்பதையும், அதிகாலை ஐந்து மணிக்குக் குடித்தது காலை பத்து மணி நித்திரையையும் திருடும் என்பதையும் அவனுக்கு எடுத்துச் சொன்னேன். நள்ளிரவுக்கு முன் ஒரு கோப்பி, அதற்குப்பின் இஞ்சித் தண்ணீர் அல்லது மோர் என்று அவனே ஒரு நியமத்தை வகுத்துக்கொண்டான். தூக்கம் திரும்பிய பிறகு, அவன் முகத்திலிருந்த பயமும் போய்விட்டது. உறக்கமில்லாத மனிதனுக்கு மனச்சாந்தியைப் பற்றி எவ்வளவு உபதேசித்தாலும் வீண்.

இரவில் என்ன உண்பது என்பதே எங்கள் தொழிலில் மிகவும் சிக்கலான பிரச்சினை. உதாரணமாக, பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களுக்காகத் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோள்தடியின் இரு முனையிலும் சோறும் கறியும் தொங்கவிட்டுச் சுமந்து விற்றதிலிருந்து தோன்றியது நாசி கண்டார். நாளெல்லாம் மூட்டை தூக்கிய அந்தச் சரீரங்களுக்கு, பல குழம்புகள் கலந்து மூழ்கிய அந்தச் சோற்று மலை தகுந்த ஆகாரமே. இன்று அதே மலையை, நுண்ணோக்கிக்கு முன் அசையாமல் அமர்ந்திருக்கிற பெண், பின்னிரவு இரண்டு மணிக்கு, ஜீரண உறுப்புகள் ஓய்வெடுக்க விழையும் வேளையில் உண்கிறாள். பாஸ்டன் நகரத்து மருத்துவமனை ஒன்றைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2022-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், 19 பேரை இரவு வேலை செய்வதுபோல் விழித்திருக்கச் செய்து, ஒரு சாராருக்குப் பகலும் இரவும் கலந்து உணவு தந்தார்கள். மற்றொரு சாராருக்குப் பகலில் மட்டும் தந்தார்கள். இரவிலும் உண்டவர்களிடையே சோர்ந்த மனநிலை 26 விழுக்காடும் பதற்ற மனநிலை 16 விழுக்காடும் கூடின. பகலில் மட்டும் உண்டவர்களிடம் அவ்வாறு கூடவில்லை. பரீட்சை சிறியதுதான், அதை வைத்துச் சட்டம் போட முடியாது. ஆனால் கல்லாவில் நின்று நான் பார்த்ததோடு அது ஒத்துப்போயிற்று.

பன்னிரண்டு மணி நேரம் உழைக்கிறவர்களைப் பட்டினி கிடக்கச் சொல்லவும் எனக்கு மனம் வராது. ஆகவே இரவுப் பட்டியலை மாற்றினேன். ஷிப்ட் ஏறுவதற்குமுன், மாலை ஆறரை மணிக்கு, முழுச் சாப்பாடு: சோறு, பருப்பு, மீன், இரண்டு காய்கறி. பின்னிரவில் அரிசிக் கஞ்சி, இட்லி, ரசம், அவித்த முட்டை, வெள்ளரி. கஞ்சி என்றால் நோயாளிக்குரியது என்று முதலில் ஒதுங்கியவர்கள் உண்டு. ஆனால் நோன்பு மாதத்தில் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி வாங்கப் பழகிய மலாய்த் தோழர்களுக்கும் தமிழ் முஸ்லிம்களுக்கும் அது அந்நியமில்லை. அவர்கள் வாங்கத் தொடங்க, மற்றவர்களும் வாங்கினார்கள். கஞ்சியில் பாசிப்பயறும் இஞ்சியும் வெந்தயமும் பூண்டும் சேர்த்து, மேலே நெத்திலியைத் தூவினால் அது வெறும் அரிசித் தண்ணீரல்ல. வயிறு கனக்காமல், விடிந்து வீடு போய்ப் படுத்தவுடன் உறக்கம் வருகிறது என்று அவர்களே சொல்கிறார்கள்.

மீனைப் பற்றி நான் பெரிதும் ஆர்வத்தோடு பேசுவேன். பக்கத்திலேயே புக்கிட் தம்பூன் மீனவர் துறை. கெம்போங் மீனும் மத்தியும் நெத்திலியும் புதியனவாகக் கிடைக்கின்றன. மூளைக்கும் மனநிலைக்கும் நல்லதென்று வைத்தியர்கள் சொல்கிற ஒமேகா-3 கொழுப்புக்காக, வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வரும் சால்மனைத் தேடி பேரங்காடிகளில் பணத்தைக் கொட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. நம் கடலில் துள்ளுகிற எண்ணெய்ப் பசையுள்ள சிறு மீன்களிலே அது ஏராளமாக உண்டு. கொதிக்கிற எண்ணெயில் மொரமொரவென்று பொரிப்பதைவிடப் புளிக்குழம்பில் கொதிக்கவிடுவது மேல், ஏனெனில் மீனிலிருந்து இறங்குகிற நல்ல கொழுப்பும் குழம்போடு நம் தட்டுக்கே வந்துவிடுகிறது. ஆஸ்திரேலியாவில் பெலிஸ் ஜாக்கா என்னும் பெண்மணியின் தலைமையில் 2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மிதமானது முதல் கடுமையானது வரையிலான மனச்சோர்வால் அவதிப்பட்ட 67 பேரில் ஒரு பகுதியினருக்குப் பன்னிரண்டு வாரம் காய்கறி, பருப்பு, மீன், முழுத் தானியம், கொட்டைகள் நிறைந்த உணவைக் கடைப்பிடிக்க உதவியபோது, மூன்றிலொரு பங்கினருக்கு நோய் தணிந்தது. பேச்சுத்துணை மட்டும் பெற்றவர்களில் 8 விழுக்காட்டினருக்கே அப்படித் தணிந்தது. அந்தப் பட்டியலை நான் வாசித்தபோது, அதிலிருந்த ஆலிவ் எண்ணெயை நீக்கிப் பார்த்தால் என் தாயாரின் ஆயாக்கொட்டகைச் சமையலுக்கு அது வெகு தூரமில்லை என்று கண்டேன்.

கீரையிலே எனக்குக் குரு, என்னோடு சமையலறையில் வேலை செய்கிற மலாய்ப் பெண்மணி. நாம் கீரையைக் கடைந்தும் பொரியல் செய்தும் பழகியவர்கள். அவர் ஊலாம் என்று பச்சையாகவே தட்டில் வைப்பார்: பெகாகா என்கிற வல்லாரை, ஊலாம் ராஜா, காசாங் போத்தோல் என்கிற சிறகவரை, வெள்ளரி, கூடவே ஒரு சிறு கிண்ணம் சம்பால். வல்லாரையை உண்டால் மூளை கூர்மையாகும், கவலை ஓடும் என்று நம்மவரும் அவர்களும் ஒருமுகமாக நம்புகிறார்கள். அவ்வளவு பெரிய சக்தியை அந்தச் சிறு இலையின் தலையில் ஏற்ற நான் விரும்பவில்லை. கீரை என்ற முறையிலேயே அது வேண்டிய அளவுக்கு உயர்ந்தது. பச்சைக் கீரைகளில் உள்ள மக்னீசியமும் ஃபோலேட்டும் நரம்புகளின் ஒழுங்கான இயக்கத்திற்கு வேண்டியவை. நார்ச்சத்தோ குடலைச் சுத்தமாக வைக்கிறது. சுகாதார அமைச்சு சொல்லுகிற கால், கால், அரை என்ற கணக்குப்படி, தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ இருக்க வேண்டும். இதை விளம்பரத் தாளாகச் சுவரில் ஒட்டினால் எவரும் படிப்பதில்லை. நான் வரிசையின் அமைப்பையே மாற்றினேன்: காய்கறிகள் முதலில், பிறகு மீனும் பருப்பும், இறுதியில் சோறு. காலித் தட்டில் முதலில் விழுவதே அதிகமாக விழும் என்பது பரிமாறுகிறவர்கள் அறிந்த பிரத்தியட்சம். இரண்டு காய்கறிக்கு ஒரே விலை என்றும் வைத்தேன். அதில் வந்த நஷ்டம், பொரித்த கோழியின் விலையில் சிறிது ஏற்றியதில் சரியாயிற்று.

தேநீர் வேளைக்கு மாவில் தோய்த்துப் பொரித்த வாழைப்பழத்திற்கும் கறிப்பாப்பிற்கும் பக்கத்தில் கொண்டைக்கடலைச் சுண்டலும் அவித்த நிலக்கடலையும் வைக்கிறேன். கோவில் பிரசாதமாகவே சுண்டலை அறிந்திருந்த தமிழ்ப் பிள்ளைகள் அதை வேலை நாளில் வாங்குவது ஆரம்பத்தில் அவர்களுக்கே விசித்திரமாக இருந்தது.

கடைகளில் இப்போது 'மன அழுத்தத்தைப் போக்கும்' என்று அச்சடித்த பொடிகளும் மாத்திரைகளும் காய்ந்த பழங்களும் பல வெள்ளி விலையில் அடுக்கியிருக்கின்றன. ஒரே ஒரு பதார்த்தத்தை உண்டு கவலையைப் போக்கிக்கொள்ள முடியும் என்ற எண்ணத்தை நான் முற்றிலும் நிராகரிக்கிறேன். நாள்தோறும் ஏறக்குறைய அதே நேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாகப் பல பொருள்கள், உட்கார்ந்து, மென்று உண்பதால் வருகிற நிதானத்தை எந்தப் பொட்டலத்திலும் அடைக்க முடியாது. இருபது வெள்ளிப் பொடியை வாங்கிக்கொண்டு மதியச் சாப்பாட்டைத் தவிர்க்கிறவர்களை நான் அறிவேன். அந்தப் பணத்திற்குப் பல நாள் கீரையும் பருப்பும் கிடைத்திருக்கும்.

அதே சமயம், உணவினால் எல்லாம் ஆகிவிடும் என்று சொல்லவும் மாட்டேன். ஏஜெண்டுக்குக் கடன்பட்டு வந்து, மனைவி மக்களை ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் விட்டுவிட்டு, விடுதியில் ஓர் அறையில் பலரோடு படுத்துறங்குகிற தொழிலாளியின் துயரம் கீரைக் கடைசலில் கரையாது. அதற்கு நியாயமான கூலியும் ஓய்வும் கௌரவமும் வேண்டும். ஆனாலும் ஒன்று கண்டேன். நேப்பாளத் தொழிலாளர்கள் வந்து சேர்ந்த புதிதில், நம் சாம்பாரை அரைகுறையாக உண்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் போவார்கள். அவர்களுள் ஒருவரைச் சமையலறைக்கே அழைத்து, அவர்கள் வீட்டில் பருப்பு எப்படி வைப்பார்கள் என்று கேட்டு, புளியில்லாமல், மஞ்சளும் சீரகமும் நெய்யும் தாளித்து, கூடவே கடுகுக் கீரையோடு வாரத்தில் சில நாள் வைக்கத் தொடங்கினேன். ஓசையில்லாமல் வந்து ஓசையில்லாமல் போய்க்கொண்டிருந்தவர்கள், அந்த நாட்களில் ஒரே மேசையில் கூடி அமர்ந்து, சிரித்துப் பேசி, இரண்டாம் முறை சோறு கேட்டார்கள். தங்கள் மொழியில் அக்கா என்னும் பொருள்பட "தீதி" என்று என்னை அழைக்கத் தொடங்கியதும் அப்போதுதான். பிறந்த ஊரின் ருசியும், கூட உண்ணத் துணையும் சேர்ந்தால் மனித மனம் எவ்வளவு இலேசாகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் எனக்குத் தேவைப்படவில்லை.

என்னைப்போல் பிறருக்குச் சமைத்துப் போட்டு ஜீவிக்கிறவர்களுக்கும், இரவு வேலைக்குப் பிள்ளைகளை அனுப்புகிற தாய்மார்களுக்கும் ஒரு விண்ணப்பம். கேன்டீன் வைத்திருப்பவர்கள் தண்ணீரை முதலிலும் சீனியைக் கடைசியிலும் வையுங்கள். சீனியில்லாத தேநீருக்கு அதிக விலை கேட்காதீர்கள். தாய்மார்களே, பிள்ளை மாலையில் கிளம்புமுன் புழுங்கலரிசிச் சோறும் மீனும் கீரையும் கொண்ட முழுச் சாப்பாட்டைப் போட்டு அனுப்புங்கள். விடிந்து களைத்து வருகிறபோது அறையை இருட்டாக்கி, கைப்பேசியை வாங்கி வைத்து, வயிறு கேட்டால் ஒரு கிண்ணம் கஞ்சி கொடுத்து, அந்தப் பிள்ளையை உறங்க விடுங்கள்.